பருத்தி–நைலான் மேலங்கியைப் பேணும் முறை

1968இல் அமெரிக்காவின் சியரா டிசைன்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய 60/40 (ஏறக்குறைய 60% பருத்தி, 40% நைலான்) மலையேற்ற மேலங்கி, இன்றும் தேடி வாங்கப்படுவதற்கு அதன் துணியே காரணம். நெசவில் பருத்தி நூலும் நைலான் நூலும் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கிப் பின்னப்பட்டிருப்பதால், நைலான் கிழியாமல் தாங்க, பருத்தியோ ஈரம் பட்டதும் உப்பி இழைகளுக்கிடையே உள்ள துளைகளை அடைத்துக்கொள்கிறது. தூறலையும் காற்றையும் தடுத்தாலும் உள்ளே வியர்வை தேங்குவதில்லை; நடக்கும்போது சரசரவென்று ஒலிப்பதும் குறைவு. ஆனால் விடாத பெருமழைக்கு இது போதாது. அதற்குத் தனி மழையங்கி வேண்டும்.

இத்தகைய மேலங்கியைக் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக் கரைசலில் அலசுங்கள். துணி மென்மையூட்டியையும் வெளுப்பானையும் அறவே தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் மென்மையூட்டி இழைகளில் படிந்து நீர்விலக்கும் பூச்சின் திறனைக் குறைத்துவிடும். தண்ணீர் முத்துமுத்தாக உருளாமல் துணியில் ஊறத் தொடங்கினால், நீர்விலக்கும் திரவத்தை மீண்டும் தெளிக்க வேண்டும். நிழலில் முழுவதும் உலர்ந்த பிறகே மடித்து வையுங்கள். ஈரம் எஞ்சியிருந்தால் பருத்தியில் பூஞ்சை பிடித்து, போகாத கறையை விட்டுவிடும். நிறம் மங்கி, முழங்கை மென்மையாகத் தேய்ந்த பழைய மேலங்கிதான், என் கண்ணுக்குப் புதியதைவிட அழகு.