பிழைப் பெட்டியை மூடிவிடாதீர்கள்

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பிரிண்டருக்கான மென்பொருள் கணினியில் ஏற மறுக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அழைத்தார். "என்ன வருகிறது, ஐயா?" என்று கேட்டேன். "ஏதோ ஒரு பெட்டி வருகிறது, ஓகே கொடுத்து மூடிவிட்டேன்" என்றார். ஆறு முறை வந்திருக்கிறது, ஆறு முறையும் மூடியிருக்கிறார். விடைத்தாளில் ஒற்றுப்பிழையைக்கூடத் தப்பவிடாத மனிதர் அவர். ஏழாம் முறை நான் பார்த்தபோது அதில் 1618 என்ற எண் இருந்தது. வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது, அது முடியட்டும் என்று விண்டோஸ் சொல்வது அந்த எண்ணால்தான். காபி குடித்து முடிப்பதற்குள் அந்த வேலை முடிந்தது, பிரிண்டரும் வழிக்கு வந்தது.

நான் பார்த்தவரையில் முதல் தவறு இதுதான்: படிக்காமல் மூடுவது. பெட்டியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். 112 என்றால் வட்டில் இடமில்லை. 5 என்றால் அனுமதி மறுக்கப்பட்டது. நிர்வாகி உரிமையுடன் இயக்கிப் பார்க்க வேண்டும். 1603 மட்டும் கொஞ்சம் பொல்லாதது. 'நிறுவல் தோற்றது' என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அப்போது, தற்காலிகக் கோப்புகள் சேரும் டெம்ப் கோப்புறையில், அந்த நிறுவி (மென்பொருளைக் கணினியில் ஏற்றும் நிரல்) எழுதிவைத்த பதிவுக் கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அதில் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்ற வரியைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

"அணைத்துவிட்டுப் போட்டேன், அப்போதும் வரவில்லை" என்பார்கள். விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுப்பதும் 'ரீஸ்டார்ட்' கொடுப்பதும் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கணினியை அணைக்கும்போது, இயங்குதளத்தின் உட்பகுதி அப்படியே வட்டில் சேமிக்கப்பட்டு மறுநாள் அதே நிலையில் எழுப்பப்படுகிறது. பாதியில் நிற்கும் வேலை பாதியிலேயே நிற்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பெயர்களைப் பார்த்தால் நேர்மாறாகத்தான் தோன்றும், பயனரைக் குறைசொல்ல முடியாது.

அடுத்தது ஆபத்தானது. 'விசி ரன்டைம் 140 டி.எல்.எல். காணவில்லை' என்று செய்தி வரும். பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக் கோப்பு அது. வந்தவுடன், அந்த ஒற்றைக் கோப்பை இலவசமாகத் தரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி, சிஸ்டம்32 கோப்புறையில் போடுகிறார்கள். யார் தொட்ட கோப்பு என்றே தெரியாது. அது நல்ல கோப்பாகவே இருந்தாலும் பொருந்தாமல் போகலாம். 64 பிட் விண்டோஸில், பெயருக்கு மாறாக, சிஸ்டம்32இல் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகளின் இடம் சிஸ்வாவ்64. இந்தக் குழப்பத்தில் நீங்கள் இறங்கவே தேவையில்லை. அந்தக் கோப்பை உரிய இடத்தில் வைத்துத் தரும் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பு மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 32 பிட், 64 பிட் இரண்டையும் நிறுவிவிடுங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆசையாகத் தமிழில் பயனர் பெயர் வைத்துக் கணினியைத் தொடங்கியிருப்பார்கள். பயனர் கோப்புறையும் தமிழ்ப் பெயரிலேயே உருவாகிவிடும். எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடான யூனிகோடை அறியாத பழைய நிறுவிகள் அந்தப் பாதையில் உள்ள டெம்ப் கோப்புறையைத் திறக்கத் தெரியாமல், காரணமும் சொல்லாமல் விழும். கணக்கின் பெயரைப் பிறகு மாற்றினாலும் கோப்புறையின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் இன்னொரு கணக்கு உருவாக்கி, அதற்குள் சென்று நிறுவிப் பாருங்கள். தமிழ்ப் பெயரை விட்டுக்கொடுக்கச் சொல்கிறேனே என்று எனக்கும் உறுத்தல்தான். ஆனால் குற்றம் அந்த மென்பொருளை எழுதியவர்களுடையது.

ஜிப் கோப்பைப் பிரிக்காமல் உள்ளிருந்தபடியே செட்டப்பை இயக்குவது, கணினியின் தேதி 2009 என்று காட்டுவதைக் கவனிக்காமல் சான்றிதழ்ப் பிழையோடு மல்லுக்கட்டுவது எல்லாம் சின்னத் தவறுகள். தேதி அடிக்கடி பின்னால் போனால் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சிஆர்2032.

பழைய பதிப்பை நீக்குகிறேன் என்று புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சென்று கோப்புறையை அழிப்பவர்களும் உண்டு. விண்டோஸின் கணக்கில் அந்த மென்பொருள் இன்னும் இருக்கிறது. புதியதை நிறுவும்போது 'வேறொரு பதிப்பு ஏற்கெனவே உள்ளது' என்று 1638 வரலாம். செட்டிங்ஸ் வழியாக நீக்குவதே முறை. அதுவும் முடியாமல் போனால், நிறுவல், நீக்கல் சிக்கல்களுக்கென்றே மைக்ரோசாஃப்ட் தரும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துடைத்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் என் கணினியில் விடுவதில்லை. உள்ளதையும் கெடுத்துக்கொண்டு வந்தவர்களையே பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஏறவில்லையென்றால், அந்த மென்பொருள் உங்கள் விண்டோஸுக்கு உரியதுதானா என்று பாருங்கள். விண்டோஸ் 7இல் குரோமின் 109ஆம் பதிப்புதான் கடைசி. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் அதில் ஏறாது. அங்கே சரிசெய்வதற்குப் பிழை எதுவும் இல்லை.