அதிக வெளிச்சம் தரும் எல்.இ.டி.யை வீட்டிலேயே அளப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய எல்.இ.டி. விளக்குகள் இல்லாத வீடு குறைவு. எஸ்காம் (நாட்டின் மின்சார நிறுவனம்) இளம் விஞ்ஞானிகள் கண்காட்சிக்குத் தயாராகும் நம் பிள்ளைகளும், செடி வளர்ப்பு போன்ற சோதனைகளுக்கு எல்.இ.டி.யைத்தான் எடுக்கிறார்கள். பாக்கெட்டில் '10,000 மில்லிகேண்டெலா' (ஒரு திசையில் செல்லும் ஒளியின் செறிவைச் சொல்லும் அலகு) என்று இருந்தால் அதையே அறிக்கையிலும் எழுதிவிடுகிறார்கள். எத்தனை மில்லியாம்பியரில், எந்தக் கோணத்தில் அளந்தது என்று தெரியாவிட்டால் அந்த எண்ணை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. நாமே அளந்துவிடலாம்.

தேவையானவை: 5 மி.மீ. எல்.இ.டி., 9 வோல்ட் பேட்டரி, 330 ஓம் ரெசிஸ்டர், மல்டிமீட்டர், லக்ஸ் மீட்டர் (ஓரிடத்தில் விழும் ஒளியை அளப்பது), பாகைமானி, ஸ்கேல், பழைய சி.டி., கறுப்புத் துணி.

முதலில் மின்னோட்டம். எல்.இ.டி.யையும் ரெசிஸ்டரையும் தொடராக பேட்டரியில் இணையுங்கள். ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே வோல்டேஜ் பாருங்கள். 5.9 வோல்ட் என்றால், அதை 330 ஆல் வகுக்க, சுமார் 18 மில்லியாம்பியர். பத்து நிமிடம் எரியவிட்டு மறுபடி பாருங்கள். எல்.இ.டி. சூடேறும்போது வெளிச்சம் மாறும். அது நிலைத்த பிறகுதான் மற்ற அளவுகள். கண்ணை நேரே அதில் வைக்கவே வேண்டாம், குறிப்பாக நீலத்தில்.

அடுத்து ஒளிச்செறிவு. இரவில் செய்யுங்கள். பின்னால் கறுப்புத் துணி தொங்கட்டும். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் மீட்டரில் சேர்ந்துவிடும். எல்.இ.டி.க்கு நேர் எதிரே 50 செ.மீ. தூரத்தில் மீட்டரை வையுங்கள். முதலில் எல்.இ.டி.யை மறைத்து அறையின் லக்ஸைக் குறித்து, பிறகு மறைப்பை எடுத்து வரும் அளவிலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சம் 40 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தை மீட்டர் அலகில் (0.5 மீ.) எழுதி, வர்க்கமாக்கிப் பெருக்கினால் 40 × 0.25 = 10 கேண்டெலா, அதாவது 10,000 மில்லிகேண்டெலா.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். மீட்டரை 1 மீட்டருக்கு நகர்த்துங்கள். லக்ஸ் கால் பங்காகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் எல்.இ.டி. சாய்ந்திருக்கிறது, அல்லது எங்கிருந்தோ ஒளி கசிகிறது. என்னைக் கேட்டால் முழுச் சோதனையிலும் முக்கியமான இடம் இதுதான். மற்ற எண்களை நம்பலாமா என்பது இங்கேயே தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் உணர்திறனுக்கு ஏற்ற அளவு. அந்த உணர்திறன் பகலில் 555 நானோமீட்டரில் உச்சம். மலிவான மீட்டர்கள் வெள்ளை ஒளிக்குப் பரவாயில்லை, நீலத்துக்கும் அடர்சிவப்புக்கும் தவறலாம். அவற்றுக்கு மீட்டர் காட்டும் எண்ணை முடிந்த முடிவாக எழுதாமல், ஒரே நிறத்துக்குள் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

கோணம். பாகைமானியின் மையத்துக்கு மேல் எல்.இ.டி. இருக்கட்டும். மீட்டரை அசைக்காமல் எல்.இ.டி.யை மட்டும் ஐந்தைந்து டிகிரியாகத் திருப்பி லக்ஸ் குறியுங்கள். உச்சத்தில் பாதியாகும் இடம் இடப்பக்கம் 15, வலப்பக்கம் 15 என்றால் பார்வைக் கோணம் 30 டிகிரி. ஒரே அளவு ஒளியைக் குறுகலான கோணத்தில் குவித்தாலே மில்லிகேண்டெலா எகிறிவிடும். பாக்கெட்டில் போடும் பெரிய எண்கள் பலவற்றின் ரகசியம் இதுதான்.

அலைநீளம். சி.டி.யின் மேல்படலத்தை ஒட்டும் டேப்பால் உரித்து எடுத்தால் ஒளி ஊடுருவும் தகடு கிடைக்கும். அதன் தடங்களுக்கிடையே 1,600 நானோமீட்டர் இடைவெளி. எல்.இ.டி.க்கு முன்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டிய மெல்லிய பிளவை வையுங்கள், பக்கவாட்டில் ஸ்கேல். 1 மீட்டர் தள்ளி நின்று தகட்டின் வழியே பாருங்கள். பிளவிலிருந்து 42 செ.மீ. தள்ளி சிவப்பு தெரிந்தால், 42 ஐ √(42² + 100²) ஆல் வகுத்து 1,600 ஆல் பெருக்குங்கள்: சுமார் 620 நானோமீட்டர். வெள்ளை எல்.இ.டி.யைப் பார்த்தால் நீலம் பளிச்சென்று நிற்கும், அப்புறம் மங்கலான இடைவெளி, அதன்பின் பச்சையிலிருந்து சிவப்பு வரை அகலமான பட்டை. உள்ளே இருப்பது நீலச் சில்லு. மேலே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள்தான் மீதி நிறங்களைத் தருகிறது. ஆகவே வெள்ளைக்கு ஒற்றை அலைநீளம் எழுதக் கூடாது.

குறிப்பேட்டில் ஒவ்வொரு வரியிலும் மின்னோட்டம், தூரம், கோணம், அறை வெப்பநிலை நான்கும் இருக்கட்டும். சிவப்பு எல்.இ.டி. சூட்டில் வெளிச்சம் குறையும். ஜனவரிப் புழுக்கத்தில் அளந்ததை ஜூலைக் குளிரில் மறுபடி அளந்தால் எண் கூடினாலும், காரணம் அந்த வரியிலேயே இருக்கும்.