இடுப்பு வலி வராமல் மூட்டை தூக்குவது எப்படி?

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் விடியற்காலையில் நின்று பாருங்கள், முழங்காலை மடக்காமல் அப்படியே குனிந்து மல்லிகை மூட்டையை வெடுக்கென்று தூக்கி, தூக்கின வேகத்திலேயே இடுப்பைத் திருப்புகிறவர்கள் எத்தனை பேர்! அந்தத் திருப்பத்தில்தான் பிரச்சினையே. கீழ் முதுகில் 5 முள்ளெலும்புகள், அவற்றுக்கு நடுவே மெத்தை மாதிரி வட்டுகள். வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி பிட்டத்தில் தொடங்கிக் கால்வரை இறங்கும். பயப்படாதீர்கள், பெரும்பாலான இடுப்பு வலி அவ்வளவு தூரம் போகாது, சில வாரங்களில் தானே குறைந்துவிடும்.

சரி, எப்படித் தூக்குவது? மூட்டையை ஒட்டி, காலை அகட்டி நின்று, முழங்காலை மடக்கி, மூட்டையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கால் பலத்தில் எழுந்திருங்கள். திரும்பணுமா? பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

தரையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பூக்கட்டும் அக்காமார் அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நாலு எட்டு நடந்தால் போதும்.

வலி வந்துவிட்டால் படுத்தே கிடக்காதீர்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, முடிந்தவரை நடமாடுங்கள். முதுகில் ஏறி மிதிக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். அப்புறம் இது முக்கியம்: கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, வராமல் அடைத்துக்கொண்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.