தோசை ஓரத்தில் கிடைத்த விடை

என் அஞ்சு வயசு மகனுக்குச் சாம்பார் சாதம், தயிர் சாதம் எதை ஊட்டினாலும் குமட்டல். மூன்று வாரம் போராடினோம். காரம் குறைத்தேன், புழுங்கலை விட்டுப் பச்சரிசிக்கு மாறினேன், மிக்ஸியில் கூழாக அடித்தும் பார்த்தேன்; துப்பிவிட்டான்.

கும்பகோணத்தில் அம்மா வீட்டில்தான் கவனித்தேன்: தோசையின் மொறுமொறு ஓரத்தை மட்டும் தின்றுவிட்டு நடுவை ஒதுக்கினான். தயிர் சாதத்தில் ஒரே ஒரு கடுகு நாக்கில் பட்டதும் வாயை மூடிக்கொண்டான். ருசி இல்லை, பதம்தான் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குழைவும் ஆகாது, குழைவுக்குள் திடீரென்று கடிபடுவதும் ஆகாது.

அப்புறம் இட்லியை விரல் நீளத்துக்கு வெட்டி, இரும்புக் கல்லில் நல்லெண்ணெய் விட்டு நாலு பக்கமும் முறுகலாகச் சுட்டேன். சாம்பாரை வடிகட்டித் தனிக் கிண்ணத்தில், இட்லியில் படாமல் வைத்தேன். ஆறு துண்டு தின்றான்! எனக்கு உயிரே வந்தது. ஆறினால் மெத்தென்று ஆகிவிடும், கை பொறுக்கும் சூட்டிலேயே தந்துவிட வேண்டும்.