கார்புரேட்டர் திருகைத் தொடும் முன்

பழைய பைக்கில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் கலவைத் திருகைத் (அந்தக் கலவையின் விகிதத்தை மாற்றுவது) தொடுவதற்கு முன், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் கலவையில் குறையில்லை, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. திருகை மெல்ல உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் அமர்கிறது என்று குறித்துக்கொண்டு (இறுக்கினால் அதன் முனை நசுங்கிவிடும்), அதே அளவு வெளியே எடுக்க வேண்டும். பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றிய எஞ்சினில், கால் கால் சுற்றாகத் திருப்பி, வேகம் உச்சத்தில் சீராக நிற்கும் இடத்தைக் கண்ட பிறகே ஐடிலிங் திருகைக் (பைக் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை மாற்றுவது) குறைக்க வேண்டும். திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்பும்போது பெட்ரோல் குறையும், எஞ்சின் பக்கம் இருந்தால் கூடும். பலரும் தடுமாறுவது இங்கேதான். பிளக் இடைவெளியை, பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும் கையேட்டு அளவுக்கு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கொண்டே சரிபாருங்கள்.