வேறொரு நாட்டில் பல் மருத்துவ உரிமம் பெறுதல்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது

ஒருவர் என்ன கற்றார் என்பதற்குப் பல் மருத்துவப் பட்டம் சான்று. அவர் எந்த எல்லைக்குள், எந்தச் சிகிச்சைகளை, எந்தத் தேதி வரை செய்யலாம் என்பதை உரிமமே தீர்மானிக்கிறது. பட்டம் பெரும்பாலும் ஒருமுறை வாங்கினால் போதும். உரிமத்தை ஒவ்வொரு எல்லையிலும் புதிதாகக் கேட்டுப் பெற வேண்டும். இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ளாததால், தேர்வுக்காக மாதக்கணக்கில் உழைத்துத் தேறியவர்கள்கூட, ஆவணங்களை வாங்கிய வரிசை பிசகிப்போய் மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்ப நேர்கிறது. ஆகவே எந்தத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்பதைவிட, எதை எப்போது செய்வது என்பதற்கே இந்த வழிகாட்டியில் கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

விண்ணப்பிக்கும் நாட்டில் உரிமம் வழங்கும் அதிகாரம் சட்டப்படி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. பிரிட்டனில் நாடு முழுமைக்கும் ஜெனரல் டென்டல் கவுன்சில் என்ற ஒரே அமைப்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் மாநிலங்கள் தனித்தனியே வைத்திருந்த பதிவேடுகள் 2010-இல் ஒரே தேசியப் பதிவேடாக ஒன்றிணைக்கப்பட்டன. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனி வாரியம் இருப்பதால், ஒரு மாநிலத்தில் இருபது ஆண்டுகள் தொழில் செய்தவரும் அடுத்த மாநிலத்தில் புதிய விண்ணப்பதாரர்தான். கனடாவில் தேர்வை நடத்துவது தேசிய வாரியம்; உரிமம் கொடுப்பது மாகாண அமைப்பு. தேர்வில் தேறியதும் உரிமம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்பவர்கள் இந்த இரட்டை ஏற்பாட்டைக் கவனிக்காதவர்கள். பல் மருத்துவர் சங்கம் என்ற பெயரில் இயங்கும் அமைப்புகள் பொதுவாக உறுப்பினர்களின் நலன் காப்பவை. உரிமம் வழங்கும் அதிகாரம் பெரும்பாலும் அவற்றிடம் இருப்பதில்லை.

அமைப்பைக் கண்டுபிடித்த பிறகு அதன் விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன், அந்த நாட்டுச் சட்டம் ‘பல் மருத்துவம்’ என்று எதை வரையறுக்கிறது என்பதை ஒருமுறை முழுவதுமாகப் படித்துவிட வேண்டும். சில சட்டங்கள் பல் மருத்துவர் என்ற பெயரைப் பயன்படுத்துவதை மட்டும் தடுக்கும். வேறு சில, அந்தத் தொழிலைச் செய்வதையே தடுக்கும். பிரிட்டனில் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் பெயரை மட்டும் காத்தது. பதிவு பெறாதவர்கள் பல் மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளாமலே பல் பிடுங்கிக்கொண்டிருந்த நிலை, 1921-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலையே பதிவு பெற்றவர்களுக்கு உரியதாக்கிய பிறகுதான் மாறத் தொடங்கியது. அமெரிக்காவில் பல் மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்தும் முதல் சட்டத்தை 1841-இல் அலபாமா மாநிலம் இயற்றியது.

இந்த வரையறை, உரிமத்துக்காகக் காத்திருக்கும் காலத்தில் மிகவும் முக்கியமாகிறது. பற்களை வெண்மையாக்குவது அழகுக்கலையா, பல் மருத்துவமா என்ற கேள்வி பல நாடுகளில் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. பிரிட்டனில் அது பல் மருத்துவமே என்று 2013-இல் உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. வட கரோலைனாவிலோ, பல் மருத்துவர் அல்லாதவர்கள் வெண்மையாக்கும் சேவை நடத்துவதை அந்த மாநிலப் பல் மருத்துவத் தேர்வு வாரியம் தடுக்க முற்பட்டபோது, தொழில் செய்யும் பல் மருத்துவர்களே பெரும்பான்மையாக இருக்கும் வாரியம், மாநில அரசின் உரிய மேற்பார்வை இல்லாமல் தன் போட்டியாளர்களை விலக்க முடியாது என்று 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுமக்களின் பாதுகாப்புக்காக வைத்த வேலி, தொழிலில் உள்ளவர்களின் வருமானத்துக்கும் வேலியாகிவிடும் ஆபத்து இந்தத் துறையில் எப்போதும் உண்டு என்பது என் கருத்து. ஆனால் விண்ணப்பதாரர் அந்த விவாதத்தைத் தன் செயலால் சோதித்துப் பார்க்கக் கூடாது. உதவியாளர் என்ற பெயரில் ஒரு மருத்துவமனையில் இருந்துகொண்டு, கையில் திறமை இருக்கிறதே என்று நோயாளியின் வாயில் கருவியை வைத்தால், அது உரிமமின்றித் தொழில் செய்த குற்றமாகி, பின்னர் கிடைக்கவிருந்த உரிமத்தையும் தடுத்துவிடக்கூடும்.

அடுத்து, தனக்குரிய பாதை எது என்று முடிவு செய்ய வேண்டும். படித்த கல்லூரியை அந்த நாடு ஏற்றுக்கொண்டிருந்தால் பாதை குறுகியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, குறைந்தது 5 ஆண்டுகளும் 5,000 மணி நேரமும் கொண்ட அடிப்படைப் பல் மருத்துவப் பயிற்சியை ஓர் உறுப்பு நாட்டில் முடித்த உறுப்பு நாட்டுக் குடிமக்களின் பட்டம் மற்ற உறுப்பு நாடுகளில் தானாகவே ஏற்கப்படுகிறது. மொழித்திறனை மட்டும் தனியே கேட்கலாம். கனடாவுக்கு அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளின் அங்கீகார அமைப்புகளோடு உடன்பாடு உண்டு. கனடாவின் இந்த உடன்பாடுகளில் விண்ணப்பதாரரின் குடியுரிமையோ, அவர் தொழில் செய்த நாடோ கணக்கில் வருவதில்லை; பட்டம் தந்த கல்லூரி, அவர் பட்டம் பெற்ற ஆண்டில் அங்கீகாரம் பெற்றிருந்ததா என்பதே கேள்வி.

அங்கீகாரம் இல்லாதவர்களுக்குத் தேர்வுப் பாதை. பிரிட்டனில் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான பதிவுத் தேர்வு இரண்டு பகுதிகள் கொண்டது: முதல் பகுதி எழுத்துத் தேர்வு, இரண்டாம் பகுதியில் செயற்கை வாய் மாதிரியில் சிகிச்சை செய்து காட்டுவது, நோய் கண்டறிந்து சிகிச்சைத் திட்டம் வகுப்பது, மருத்துவ அவசர நிலையைச் சமாளிப்பது, நிலையம் நிலையமாக நகரும் மருத்துவத்திறன் தேர்வு ஆகியவை அடங்கும். இங்கிலாந்தின் அறுவை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி நடத்தும் எல்.டி.எஸ். (பல் அறுவை மருத்துவ உரிமம்) தேர்வும் இதற்கு மாற்றாக ஏற்கப்படுகிறது. கனடாவில் அடிப்படை அறிவு மதிப்பீடு, மருத்துவ முடிவெடுக்கும் திறன் மதிப்பீடு, செயல்முறைத் தேர்வு என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆவணப் பரிசீலனை, எழுத்துத் தேர்வு, செயல்முறைத் தேர்வு என்ற மூன்று கட்டங்கள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் தேர்வை மட்டும் வைத்து ஏற்பதில்லை. அந்நாட்டுக் கல்லூரியில் பொதுவாக 2 முதல் 3 ஆண்டுகள் நீளும் மேல்நிலைச் சேர்க்கைப் படிப்பை (வெளிநாட்டில் படித்தவர்களை இடைநிலை ஆண்டில் சேர்த்துக்கொள்ளும் படிப்பை) முடித்து, டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. பட்டம் பெற்றாக வேண்டும். இவ்விரண்டு பட்டங்களுக்கும் பெயர்தான் வேறு. பாடத்திட்டத் தரம் ஒன்றே. செலவையும் காலத்தையும் கணக்கிடும்போது, இந்த மறுபடிப்புப் பாதையைத் தேர்வுப் பாதையோடு ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது தவறாகிவிடும்.

எந்தப் பாதையானாலும் வெற்றி தோல்வி பெரும்பாலும் ஆவணங்களில்தான் இருக்கிறது. கேட்கப்படும் ஆவணங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அது எத்தனை காலம் செல்லும், அதை வாங்க எத்தனை காலம் பிடிக்கும் என்ற இரண்டு விவரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாடத்திட்ட விவரம், பயிற்சி மருத்துவக் காலச் சான்று ஆகியவை காலாவதியாவதில்லை. ஆனால் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து அவற்றின் உறுதி செய்யப்பட்ட நகல் வருவதற்கு நெடுநாள் ஆகலாம். எனவே இவற்றை முதலில் தொடங்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே, ஆவணம் உண்மையானது என்று அதை வழங்கிய நாட்டின் அரசு உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரையைப் பெற்றுவிட்டால் தூதரகச் சான்றொப்பம் தேவைப்படாது. மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால், முத்திரை பெற்ற பிறகு முத்திரையையும் சேர்த்து மொழிபெயர்ப்பதா, மூலத்தை மட்டும் மொழிபெயர்த்தால் போதுமா என்று அந்த அமைப்பிடமே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இதில் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறுகிறது.

மொழித் தேர்வு நடுவில் வர வேண்டியது. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண் பொதுவாக 2 ஆண்டுகளுக்கே ஏற்கப்படுகிறது. ஆர்வத்தில் முன்கூட்டியே எழுதிவிட்டு, தொழில் தேர்வு முடிவதற்குள் அது காலாவதியாவதைப் பார்ப்பவர்கள் பலர். மொத்த மதிப்பெண்ணோடு ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வரம்பு இருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையக் கூடாது என்பது நெடுநாளைய விதி.

நன்னிலைச் சான்றிதழை, அதாவது இதுவரை பதிவு பெற்றிருந்த கவுன்சில், இவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று தரும் கடிதத்தை, கடைசிக்கு வைக்க வேண்டும். இதன் ஆயுள் பல இடங்களில் சில மாதங்களே. இதை விண்ணப்பதாரர் கையில் வாங்கி அனுப்பினால் பல அமைப்புகள் ஏற்பதில்லை. ஒரு கவுன்சிலிலிருந்து மற்றொரு கவுன்சிலுக்கு நேரடியாகச் செல்ல வேண்டும். தற்போது பதிவில் உள்ள இடத்திலிருந்து மட்டுமின்றி, கடந்த சில ஆண்டுகளில் பதிவு பெற்றிருந்த ஒவ்வோர் இடத்திலிருந்தும் இது கேட்கப்படலாம். குற்றப் பின்னணி இல்லை என்ற காவல்துறைச் சான்றும் இதே வகையைச் சேர்ந்தது.

சிகிச்சை அனுபவத்துக்கான சான்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிட்டன் தேர்வுக்கு விண்ணப்பிப்பவர், தாமே நேரடியாக நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த 1,600 மணி நேர அனுபவத்தைக் காட்ட வேண்டும். படிப்புக் காலத்தில் பெற்ற பயிற்சியும் இதில் சேரும், ஆனால் பிறர் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் சேராது. பல ஆண்டுகள் கழித்து இதை நிறுவ முயலும்போது, கையெழுத்திட வேண்டிய பேராசிரியர் ஓய்வு பெற்றிருப்பார். மருத்துவமனை பெயர் மாறியிருக்கும். பயணம் பற்றிய எண்ணம் தொலைவில் இருந்தாலும், வேலையை விட்டு விலகும் ஒவ்வொரு முறையும் பணிக்காலம், வார நேரம், செய்த சிகிச்சை வகைகள் ஆகியவற்றைக் குறிப்பிடும் கடிதத்தை அப்போதே வாங்கி வைத்துக்கொள்வது பின்னர் மிகப் பெரிய அலைச்சலைத் தவிர்க்கும்.

பெயர் எல்லா ஆவணங்களிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் முதலெழுத்தும் மற்றொன்றில் விரிவான பெயரும், அல்லது திருமணத்துக்கு முன்னும் பின்னும் வேறு பெயர்களும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தைச் சேர்த்தே அனுப்புங்கள்.

படிவத்தில், ஒழுங்கு நடவடிக்கையோ நீதிமன்றத் தண்டனையோ உண்டா என்ற கேள்விகள் வரும். சிறிய சம்பவம்தானே என்று ‘இல்லை’ என எழுதுவது, சம்பவத்தைவிடப் பெரிய சிக்கலைக் கொண்டுவரும். பழைய தவறுக்கு விளக்கம் தர வாய்ப்புண்டு. மறைத்தது தெரியவந்தால் அது விண்ணப்பதாரரின் நேர்மை பற்றிய கேள்வியாகிவிடுகிறது, அதற்கு விளக்கம் எடுபடுவதில்லை.

தேர்வைப் பொறுத்தவரை, எத்தனை முறை எழுதலாம், முதல் முயற்சிக்குப் பிறகு எத்தனை ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என்ற இரண்டு வரம்புகளையும் அறிந்த பிறகே முதல் முயற்சியை மேற்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஒவ்வொரு பகுதிக்கும் 4 முயற்சிகள், முதல் பகுதியை முதன்முறை எழுதியதிலிருந்து 5 ஆண்டுகள் என்ற வரம்புகள் வழக்கத்தில் இருந்தன. கோவிட் பெருந்தொற்றின்போது தேர்வு நீண்ட காலம் நின்றுபோனதால், பலரின் கெடு அவர்கள் தவறின்றியே நெருக்கடிக்குள்ளானது. விதிகளும் நிலையாக இருப்பதில்லை. வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்கள் பிரிட்டனில் பல் மருத்துவரைவிடக் குறுகிய பணி எல்லை கொண்ட பல் சுகாதார நிபுணராகவோ பல் சிகிச்சையாளராகவோ பதிவு பெற்று வேலையைத் தொடங்கும் வழி 2023 மார்ச்சில் மூடப்பட்டது. அமெரிக்காவில் இரு பகுதிகளாக இருந்த தேசிய வாரியத் தேர்வுக்குப் பதிலாக 2020-இல் ஒருங்கிணைந்த ஒரே தேர்வு வந்தது. முன்னர் சென்றவர்களின் அனுபவம் மனத்துணிவுக்கு உதவும். விதியை அறிய அந்த வாரத்திய அதிகாரப்பூர்வக் குறிப்பையே பார்க்க வேண்டும்.

உரிமம் கைக்கு வந்த பிறகும் நாற்காலியை இயக்குவதற்கு முன் சில அனுமதிகள் மீதமிருக்கும். எக்ஸ்-ரே கருவியை வைப்பதற்கும் இயக்குவதற்கும் கதிரியக்கப் பாதுகாப்பு விதிகள் தனி. கட்டுப்படுத்தப்பட்ட வலி மருந்துகளை எழுத அமெரிக்காவில் போதைமருந்துக் கட்டுப்பாட்டு முகமையின் பதிவு தேவை. தொழில் இழப்பீட்டுக் காப்பீடு பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவின் நிபந்தனையே ஆகும். சிறப்பு மருத்துவர் என்று பலகையில் எழுதும் முன் அந்த நாட்டுப் பட்டியலைப் பாருங்கள்: பிரிட்டனில் 13 சிறப்புத் துறைகள், அமெரிக்காவில் 12; இரண்டும் ஒரே பட்டியல் அல்ல. ஓரிடத்தில் உள்ள முதுநிலைப் பட்டம் மற்றோரிடத்தில் வெறும் கூடுதல் தகுதியாக மட்டுமே நிற்கக்கூடும்.

புதுப்பிக்கும் தேதியையும் தொடர்கல்விக் கணக்கையும் முதல் நாளிலிருந்தே எழுதிவாருங்கள். பிரிட்டனில் 5 ஆண்டுச் சுழற்சிக்குச் சரிபார்க்கத்தக்க 100 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் 3 ஆண்டுகளுக்கு 60, கலிபோர்னியாவில் 2 ஆண்டுகளுக்கு 50 என்று அளவுகள் வேறுபடுகின்றன. கலிபோர்னியாவில் தொற்றுத் தடுப்பும் மாநிலப் பல் மருத்துவச் சட்டமும் அந்தக் கணக்கில் கட்டாயப் பாடங்கள்.

புதிய உரிமம் கிடைத்ததும் பழைய நாட்டின் பதிவைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். கட்டணம் செலுத்தாததால் நீக்கப்பட்டதற்கும், விண்ணப்பம் தந்து முறைப்படி விலகியதற்கும் பதிவேட்டில் குறிப்பு வேறு. மூன்றாவது நாட்டுக்கு நன்னிலைச் சான்றிதழ் கேட்கும்போது அந்தக் குறிப்பும் சேர்ந்தே செல்லும். தொடர விருப்பமில்லை என்றால் நிலுவையைக் கட்டி, எழுத்து மூலம் விலகல் கோரி, விலகிய தேதியைக் குறிப்பிடும் பதில் கடிதத்தை வாங்கி, பட்டச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.