டூயல் பூட்டில் பலரும் இடறும் இடங்கள்

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்துக்கொள்வது இன்று பெரிய வித்தை இல்லை. இன்ஸ்டாலரே கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். நான் பார்த்தவரை அந்த நேரத்தில் யாரும் அதிகம் தப்பு செய்வதில்லை. அதற்கு முன்பு விண்டோஸில் செய்யாமல் விட்ட வேலையும், பல மாதம் கழித்து 'லினக்ஸ் வேண்டாம்' என்று அவசரமாக அழிப்பதும்தான் ஆளைக் கவிழ்க்கும். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். ஆனால் இருவருமே வீடு முழுக்கத் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

முதலில் பிட்லாக்கர், அதாவது டிஸ்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் என்க்ரிப்ஷன் தானாக ஆன் ஆகிவிடும். அப்படி ஒன்று ஓடுவதே உங்களுக்குத் தெரிந்திருக்காது. லினக்ஸுக்காக பயாஸுக்குள் (விண்டோஸுக்கும் முன்னால் எழும் மதர்போர்டு அமைப்புத் திரை) போய், நம்பகமான பூட் ஃபைல்களை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட்டை அணைப்பீர்கள். அடுத்த முறை விண்டோஸைத் திறந்தால் நீலத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். ஆனால் கணக்கின் பாஸ்வேர்ட் மறந்துபோய், வேறு பிரதியும் இல்லை என்றால் அந்த டேட்டாவை மறந்துவிட வேண்டியதுதான். எனவே எதையும் தொடும் முன் கீயை ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள், என்க்ரிப்ஷனை நிறுத்திவையுங்கள். கீயை அதே கணினியில் ஃபைலாகச் சேமிப்பவர்களும் உண்டு. சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பெட்டியைப் பூட்டுகிற கதை அது.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருக்கும் வசதி. 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணையாது. தன் கெர்னலின் (சிஸ்டத்தின் மையப் பகுதி) நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால், படிக்க மட்டும் விடும், எழுத விடாது. பலர் இதை லினக்ஸின் கோளாறு என்று நினைத்து, கட்டாயப்படுத்தி எழுதவைக்கும் வழியை எங்கிருந்தோ தேடிப்பிடிப்பார்கள். அப்புறம் விண்டோஸ் விழித்து, தன் நினைவில் இருக்கும் பழைய கணக்கோடு அதே டிரைவில் எழுதும்போது ஃபைல்கள் சிதையும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிட்டால் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் மட்டும் விண்டோஸ் முழுதாக அணைந்து எழும்.

சரி, இன்ஸ்டால் செய்யும் நேரத்துக்கு வருவோம். கணினியை எதிலிருந்து திறப்பது என்று கேட்கும் பூட் மெனுவில், லினக்ஸ் ஏற்றிய ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம். ஒன்றின் முன்னால் யூஈஎஃப்ஐ (பழைய பயாஸ் முறைக்குப் பதிலாக வந்த புது பூட் முறை) என்று இருக்கும், மற்றதில் இருக்காது. விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதையேதான் லினக்ஸுக்கும் எடுக்க வேண்டும். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். முறை மாறிப்போனால் இரண்டும் தனித்தனியே ஓடும், ஆனால் ஒரே மெனுவிலிருந்து இரண்டையும் திறக்க முடியாது.

பார்டிஷன் போடும்போது, அதாவது டிஸ்கைப் பாகம் பிரிக்கும்போது, 'முழு டிஸ்கையும் அழி' என்பதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அந்தக் குட்டி இஎஃப்ஐ பார்டிஷனின் அருமை. அதிகம் போனால் சில நூறு எம்பிதான் இருக்கும், ஏதோ மிச்சம் மீதி போலத் தெரியும். இரண்டு சிஸ்டத்தின் பூட்லோடரும் (கணினி எழும்போது சிஸ்டத்தைத் திறந்துவிடும் சின்ன நிரல்) குடியிருப்பது அங்கேதான். அதை ஃபார்மேட் செய்தால் விண்டோஸின் ஃபைல்கள் அப்படியே இருக்கும், விண்டோஸ்தான் திறக்காது. விண்டோஸுக்கு உள்ள இடத்தைச் சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்வது நல்லது. அதற்கும் முன்னால் பேக்அப் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

இரண்டு டிஸ்க் உள்ளவர்கள் 'தனி டிஸ்கில்தானே போடுகிறேன்' என்று நிம்மதியாக இருப்பார்கள். சில இன்ஸ்டாலர்கள் லினக்ஸை இரண்டாவது டிஸ்கில் போட்டுவிட்டு, பூட்லோடரை மட்டும் முதல் டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும். பின்னால் ஒரு டிஸ்கைக் கழற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். முடிந்தால் இன்ஸ்டால் முடியும்வரை விண்டோஸ் டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

லினக்ஸை நீக்கும் கதைக்கு வருகிறேன். இதில் நானே மாட்டியிருக்கிறேன். ஒரு பழைய லேப்டாப்பில், விண்டோஸிலிருந்தபடியே லினக்ஸ் பார்டிஷனை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். கருப்புத் திரை. இடது மூலையில் கிரப் என்று லினக்ஸ் பூட்லோடரின் பெயர், பக்கத்தில் மினுக்மினுக்கென்று ஒரு கோடு. அவ்வளவுதான். பூட்லோடரின் தலை இஎஃப்ஐ பார்டிஷனில் பத்திரமாக இருக்கிறது. மெனுவைச் சொல்லும் உடலைத்தான் நான் லினக்ஸோடு சேர்த்து அழித்துவிட்டேன். பூட் மெனுவில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருந்ததால் பிழைத்தேன். செய்ய வேண்டியது தலைகீழ்: முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றி, விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, அதற்கப்புறம் அழிக்க வேண்டும்.

இன்ஸ்டால் செய்த பென் டிரைவை உடனே சினிமா ஏற்ற எடுத்துவிடாதீர்கள், பின்னால் லினக்ஸ் திறக்காமல் போனால் சரிசெய்ய அது வேண்டியிருக்கும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய லினக்ஸ் பூட்லோடர்களை செக்யூர் பூட் ஏற்காதபடி செய்துவிட்டது. டூயல் பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் திறக்கவே இல்லை. கிரப் மெனுவில் விண்டோஸ் காணாமல் போவது வேறு விஷயம். 2021இல் வந்த 2.06 பதிப்பிலிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் வேலையை கிரப் தானாகச் செய்வதில்லை. அதன் அமைப்பு ஃபைலில் அந்தத் தேடலை ஆன் செய்து மெனுவைப் புதுப்பித்தால் விண்டோஸ் வந்துவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகு, லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் சில மணி நேரம் தள்ளிக் காட்டும். மதர்போர்டு பேட்டரியை மாற்ற ஓடாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று படிக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரம் என்று படிக்கும். லினக்ஸையும் உள்ளூர் நேரமாகப் படிக்கச் சொல்ல ஒரே ஒரு கட்டளை போதும்.